பாலத்துக்காரரின் மூன்றாவது வாய்

மேசை விளிம்பில் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார் பல்லக்கா. உள்ளே பிளாஸ்டர் கலவை குலுங்குகிறது. குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைகின்றன. "ஒண்ணே ஒண்ணு உள்ள நின்னுட்டாலும் பல்லுல ஓட்டை விழுந்துடும் சார்" என்கிறார், தலையை நிமிர்த்தாமல். பிறகு மருத்துவர் அனுப்பிய ரப்பர் அச்சை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்கிறார். எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். முகராமல் அவர் எந்த அச்சிலும் பிளாஸ்டர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

பொய்ப்பல் கட்டுவது அவர் தொழில்; பல்லக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் தாடையை வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். வாய்க்குச் சொந்தக்காரர் யார், கறுப்பா சிவப்பா, எதுவும் இவருக்குத் தெரியாது. டப்பாவில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. சுவரெல்லாம் தாடைகள். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கீல் வைத்த பித்தளைக் கருவியில் மாட்டி அடுக்கியிருப்பார். போகிற போக்கில் முழங்கை பட்டால் ஒரு வாய் திறந்து 'டக்' என்று மூடும். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் வெளியே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன்.

என் மேல்வரிசைப் பற்கள் முழுக்க இவருடைய கைவேலை. ஆகவே இவரைப் பற்றி நான் எது சொன்னாலும் இவர் பல்லால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களிடம், "யாரும் அச்சு அனுப்பல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். மாடியில் தம்பி இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டார். அக்கா சமைத்து மூடி வைப்பார், தம்பி வந்து போட்டுக்கொண்டு சாப்பிடுவார். இருவருக்கும் நடுவே சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. வீடு பாதிப் பாதி. கீழே அக்காவுக்கு, மேலே தம்பிக்கு.

பல்லக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. வார்த்தெடுத்த தாடையைக் கையில் பிடித்துக்கொண்டு, அதற்கு உடம்பு கட்ட ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் ஒரு கீழ்த்தாடையைத் தடவியபடி, "இந்தம்மா பாவம் சார். பல்லைக் கடிச்சுக் கடிச்சே காலத்தை ஓட்டியிருக்காங்க. சத்தமாப் பேசவே மாட்டாங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியாது சார். தோணும்." மறுவாரம் மருத்துவரிடம் போகப் பொறுமையில்லாமல் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு ஓர் ஆள் நேரிலேயே வந்துவிட்டார். லாரி வைத்திருப்பவர். தெருமுனையில் பேசினால் இந்த முனைக்குக் கேட்கும். செட்டை மாட்டி, கண்ணாடியில் சிரித்துப் பார்த்து, காரணமே இல்லாமல் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டுவிட்டுப் போனார். "என்னங்க, உங்க பாவப்பட்ட அம்மாவுக்கு மீசை இருக்கே" என்றேன். பல்லக்கா அசரவில்லை.

"அப்ப அந்தப் பல்லுக்கு அவரு பொருத்தமில்ல சார்."

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

பாலத்துக்காரர் இவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு தப்பான எண்ணின் வழியாக. 'வண்டி கிளம்பிடுச்சா?' என்று போனில் ஒரு செய்தி. 'நம்பர் மாறிடுச்சுங்க' என்று இவர் பதில் போட்டார். இவ்வளவு மரியாதையாகப் பதில் போடுகிறவர்கள் இப்போதெல்லாம் அபூர்வம் என்று மறுபக்கத்திலிருந்து நன்றி வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டது. கடலுக்கு நடுவே எங்கோ ஒரு பாலம் கட்டும் வேலையில் இருப்பதாகச் சொன்னார் அந்த மனிதர். படம் அனுப்பினார். பல்லக்கா முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் விரித்து விரித்துப் பல்லைப் பார்த்தார். "மேல முன்பல்லு ஒண்ணு கட்டினது சார். நல்ல கை. இப்படிச் செலவு பண்ணிக் கட்டிக்கிட்டவரு அற்பமா இருக்க மாட்டாரு" என்று எனக்குச் சான்றிதழ் வாசித்தார்.

கொஞ்ச நாளில் பட்டறையில் எண் இல்லாத ஒரு தாடை வந்து உட்கார்ந்திருந்தது. படத்தில் தெரிந்த முன்பற்களைப் பார்த்துச் செதுக்கியிருந்தார். படத்தில் தெரியாத கடைவாய்ப் பற்கள் அவருக்குத் தோன்றியவை. பாலத்துக்காரரிடமிருந்து செய்தி வந்தால், இடது கையில் போனும் வலது கையில் அந்தத் தாடையுமாக, கட்டைவிரலால் அதைத் திறந்து மூடியபடியே வாய்விட்டுப் படிப்பார். 'காலைல... டக்... எழுந்ததும்... டக்... உங்க நெனப்புதான்.' ஒருமுறை கேட்டுவிட்டு நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் ஆள் மலர்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பல் அடுக்கினார். என்னைக் கிண்டல் செய்தார். சேமிப்பிலிருந்து பாலத்துக்காரருக்குப் பணம் போக ஆரம்பித்தது, பிறகு நகை போனது. இதெல்லாம் அப்போது எனக்கோ தம்பிக்கோ தெரியாது.

ஒரு மத்தியான வேளையில், பல்லை ராவிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தினார். "சார், தம்பிகிட்ட சொல்லாதீங்க. அவரு ஒரு ஆள் இல்ல."

"எவரு?"

"பாலத்துக்காரரு. மூணு பேரு. ஒரே செட்டை மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டுப் பேசறாங்க. வாய்விட்டுப் படிக்கறப்போ தாடையில கடி ஒத்து வரல, ஆளுக்கொரு மாதிரி. அப்பவே புரிஞ்சுபோச்சு."

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, விழித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். மோசடிக் கும்பல்தான், இனி வாயே திறக்காதீர்கள், காவல் நிலையத்துக்கு நானே வருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் குரலில் சொன்னார்: "முதல் ரெண்டு பேரும் திருடங்கதான் சார். ஒருத்தன் காலைல வந்து கொஞ்சுவான். ஒருத்தன் பணம் கேப்பான், இல்லன்னா சிடுசிடும்பான். மூணாவது ஆள் அப்படி இல்ல. சாப்பிட்டீங்களா, இடுப்பு வலி தேவலையா, பிளாஸ்டர் காய எவ்வளவு நேரம் ஆகும், இதுதான் கேப்பாரு. அவருக்கு நடிக்கத் தெரியல."

அந்த மூன்றாவது ஆள் ஒருநாள் இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். செய்தியை எனக்குக் காட்டினார். 'நான் பாலம் கட்டல. என்னை இங்க அடைச்சு வச்சிருக்காங்க. உங்ககிட்ட பேசறதுக்குத்தான் எனக்குச் சோறு போடறாங்க. நீங்க நிறுத்திட்டீங்கன்னா என்னை வேற எடத்துக்கு வித்துடுவாங்க.'

"அதனாலதான் பணம் அனுப்பறேன்" என்றார் பல்லக்கா. ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒருவர் எப்படி ஏமாற முடியும் என்று அதுவரை நான் கேட்டதுண்டு. அவர் மறுபடி இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

தம்பிக்கு விஷயம் தெரிந்தது வேறு வழியில். யாரோ இரண்டு பேர் கீழ்த்தளத்தை நாடா பிடித்து அளந்துகொண்டிருப்பதை மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறார். அக்கா தன் பாதியை விற்கப் போகிறார். நேராக என்னிடம் வந்தார். அவர் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. "கீழ போயிடுச்சுன்னா அவங்க எங்க சார் உக்காருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இருவருமாகக் காவல் துறையில் இணைய மோசடிகளைப் பார்க்கும் பெண் அதிகாரியிடம் போனோம். மூன்றாவது ஆளைப் பற்றி நான் பாதி சொல்வதற்குள் அவர் கையை உயர்த்தினார். தன் கணினியில் எதையோ தேடி எடுத்து, வேறு ஊரில், வேறு ஒரு பெண்மணிக்கு வந்த செய்தியைப் படித்தார். "'உங்ககிட்ட பேசறதுக்குத்தான் எனக்குச் சோறு போடறாங்க.' இதுதானே சார்?" ஓர் எழுத்து மாறவில்லை. "இது ரெண்டாம் பாடம். முதல் பாடத்துல சந்தேகம் வந்துடுச்சுன்னா, அவங்களுக்கு இத எடுப்பாங்க. நெஜமாவே அடைச்சு வச்சும் எழுத வைக்கறாங்க. அதனால இது பொய்யின்னும் என்னால சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மீதியைப் பல்லக்காவிடம் சொன்னேன். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடமாவே இருக்கட்டும் சார். நீங்க பொய்ப்பல்லு கட்டியிருக்கீங்க. அதுக்காக நீங்க சிரிக்கறது பொய்யா?"

அவர் கட்டிய பல்லை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன பதில் சொல்வது?

பல்லக்கா பத்திரப் பதிவுக்குக் கிளம்பிய அன்று காலையில் தம்பி கீழே இறங்கி வந்து, அக்காவின் எதிரில் நின்று, கையை நீட்டினார். "போனைக் குடுங்க." பல்லக்கா மறுக்கவில்லை, அழவில்லை. கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விற்பனை நின்றது. தம்பி வேறு எண்ணில் வேறு போன் வாங்கி மேசைமேல் வைத்தார். அது தொடப்படாமல் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் இருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கட்டிய செட்டுகள் வாய்க்குச் சேராமல் திரும்பி வந்தன. ஒருநாள் நான் உள்ளே போனபோது தம்பி தரையில் மண்டியிட்டு, சிறிய சுத்தியலால் ஒரு கிண்ணத்தைத் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் வலது கை அதற்குள் இருந்தது. கலக்கிய கையை எடுக்காமலே உட்கார்ந்திருக்கிறார். பிளாஸ்டர் கையைச் சுற்றி இறுகிவிட்டது. இறுகும்போது அது சூடாகும். துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்தபோது தோல் சிவந்து கன்றியிருந்தது.

"எடுத்திருக்கலாமே" என்றேன்.

"எடுக்கத் தோணல சார்" என்றார். "சூடா இருந்துச்சு. யாரோ கையைப் புடிச்ச மாதிரி."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு துண்டுகளைப் பொறுக்கினார்.

அடுத்த சில வாரங்களில் பல்லக்கா தேறினார். எப்படி என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி முணுமுணுப்பு, மறுபடி கிண்டல். செட்டுகள் திரும்பி வருவது நின்றது. புதுப் போன் ஏப்ரன் பையில் ஏறியிருந்தது. காரணம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி நின்றபோது தெரிந்தது. சரிபார்க்கத் தம்பிதான் வந்திருந்தார். மொட்டைமாடியில் இருக்கும் இயந்திர அறைக்கு ஏறிப் போய், அக்கா நன்றாகிவிட்டாரே, எந்த டாக்டர் என்று விசாரித்தேன்.

"டாக்டர் இல்ல சார். நான்தான்." கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். "அந்த மூணாவது ஆள் மாதிரி நான்தான் எழுதறேன்."

தனியாக ஒரு சிம் வாங்கியிருக்கிறார். 'தப்பிச்சு வந்துட்டேன். இது என் புது நம்பர். இனிமே பணம் எதுவும் அனுப்பாதீங்க' என்று முதல் செய்தியைப் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டாராம்.

"அவங்க புது நம்பர் அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கலையா?"

"கேக்கல சார்."

"என்னதான் எழுதுவீங்க?"

"சீச்சீ, கண்ணே மணியேன்னு எல்லாம் இல்ல சார். சாப்பிட்டீங்களா, இடுப்பு எப்படி இருக்கு, அவ்வளவுதான்."

"இத நேர்லயே கேக்கலாமே."

ஸ்பேனரை ரொம்ப நேரம் துடைத்தார். "நேர்ல வரல சார்." பிறகு, இவ்வளவு காலம் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டுகிறவர்போலப் பேசினார். "அவங்க என்னைப் பத்தி எழுதுவாங்க சார், அந்த ஆளுக்கு. 'தம்பி தங்கம், வாய்தான் கெடையாது'ன்னு. அதுக்கு நான் பதில் போடணும். 'உங்க தம்பி குடுத்து வச்சவரு'ன்னு போட்டேன். நான் வேலையிலேருந்து வந்ததும் அதத்தான் மொதல்ல எடுத்துப் பாக்கறேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அவரு மாதிரி எழுத வரணும்ல சார். அதுக்காகப் பழைய போனைத் திறந்து படிச்சுப் பாத்தேன். படிச்சுக்கிட்டு இருக்கறப்பவே ஒண்ணு வந்துச்சு." பையிலிருந்து அக்காவின் பழைய போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

'இப்போ படிக்கறது அவங்க தம்பிதானே? உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. நீங்க சாப்பிட்டீங்களா?'

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

"பதில் போட்டீங்களா?"

லிஃப்டின் கம்பி வடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாப்பிட்டேன்னு மட்டும்."

"தம்பி, இதைத் தூக்கித் தண்ணியில போடுங்க. இன்னிக்கே."

"அவரு இன்னும் எதுவும் கேக்கல சார்."

"இன்னிக்கே போடுங்க."

"சரி சார்" என்றார். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

போன வாரம் என் பல்செட் ஆட்டம் கண்டது. தம்பிக்கு விடுமுறை நாள். அவர் மேலே இருந்தார், கதவு சாத்தியிருந்தது. பல்லக்கா என் செட்டைக் கழற்றச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோவத்துல கடிக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கடிந்துகொண்டார். பல்லில்லாத வாயால் நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தார். தாடை எதையும் கையில் எடுக்கவில்லை. மனதுக்குள் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பாலத்துக்காரருக்குத் தலைவலியாம். சரியாத் தூக்கமே இல்லையாம்."

என் செட்டை மேசையில் வைத்தார். இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைக் கிழித்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். "இருங்க சார், குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் போகாமல், மாடிப்படியில் ஏறினார்.

நான் பின்னாலேயே போய்ப் பாதிப் படியில் நின்றுவிட்டேன். பல்லக்கா சாத்திய கதவுக்கு முன்னால் குனிந்து, டம்ளரையும் மாத்திரையையும் தரையில் வைத்தார். நிமிர்வதற்குள் உள்ளே ஒரு மணி குலுங்கியது. மாதக்கணக்கில் பட்டறையில் நான் கேட்டுச் சலித்த ஓசை. பல்லக்காவின் பழைய போனில் செய்தி வரும் மணி. அந்தப் போன் தண்ணீருக்குப் போகவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். மறுபடி குலுங்கியது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, எழுத்துகளை அழுத்தும் டிக் டிக் சத்தம் தொடங்கியது.

பல்லக்கா மெல்ல நிமிர்ந்தார். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. ஏப்ரன் பையிலிருந்து புதுப் போனை எடுத்தார். இடது உள்ளங்கையைக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் தலைவலிக்காரருக்கு வேகவேகமாக எழுத ஆரம்பித்தார்.